கயிற்றுக் கூலி

உயர் நீதிமன்ற நீதிபதி சுந்தரமூர்த்தி எனக்குத் தரவேண்டிய பாக்கி நூற்றிருபது ரூபாய். அவர் நீதிபதி ஆவதற்கு முன்னால் பட்ட கடன் அது. அப்போது அவர் ஆஸ்டின் டவுனில் மாடி வீடு ஒன்றுக்கு வாடகைக்கு வந்த இளம் வக்கீல். நான் வீட்டுச் சாமான் ஏற்றி இறக்குகிறவன். பிறகு அவர் முன்சீப் ஆனார், மாவட்ட நீதிபதி ஆனார், உயர் நீதிமன்றத்துக்கும் போனார். நான் அதே ஏற்றி இறக்குகிறவன்தான். பாக்கியும் அதே நூற்றிருபதுதான். எங்கள் மூவரில் அவருக்கு மட்டும்தான் பதவி உயர்வு.

நடந்தது இதுதான். அவருக்குக் கல்யாணமான புதிது. மனைவி சாந்தகுமாரி அம்மா அல்சூர்ப் பெண். அவருக்குத் தாய்வீட்டுச் சீராக ஒரு பீரோ வந்திருந்தது. இந்தக் காலத்துத் தகர பீரோ இல்லை. தட்டினால் கோயில் மணி மாதிரி சத்தம் வரும். கதவில் ஆள் உயரக் கண்ணாடி, உள்ளே தனிப் பூட்டுப் போட்ட லாக்கர். காலியாக இருக்கும்போதே நான்கு பேர் தூக்கினால் ஐந்தாவது ஆளைத் தேடவேண்டும்.

நான் படிக்கட்டைப் பார்க்காமலே, "எல்லாம் சேர்த்து முந்நூறு குடுங்க சார்" என்று சொல்லிவிட்டேன். போய்ப் பார்த்தால் படிக்கட்டு பாதியில் ஜிலேபி மாதிரி திரும்புகிறது. பீரோ திரும்ப மாட்டேன் என்றது. சாய்த்துப் பார்த்தோம், நிமிர்த்திப் பார்த்தோம், யூஜின் அதைத் திட்டியும் பார்த்தான். யூஜின் அன்றைக்கு என்னோடு புதிதாகச் சேர்ந்தவன். கடைசியில் கயிறு கொண்டுவந்து, மாடிச் சுவருக்கு மேலே சாக்கு போட்டு, தெருவிலிருந்து பீரோவைத் தூக்கினோம். தூக்கி முடித்தபோது யூஜினின் உள்ளங்கையில் தோல் இல்லை.

எங்கள் தொழிலில் கைவேலைக்கு ஒரு கூலி, கயிற்றுக்கு ஒரு கூலி. ஆளுக்கு முப்பது, நான்கு பேருக்கு நூற்றிருபது. இதை யாரும் பேசிக்கொள்வதில்லை. எல்லோரும் கொடுத்துவிடுவார்கள். வக்கீல் கொடுக்கவில்லை.

"எல்லாம் சேர்த்துன்னு நீதானே சொன்னே?"

"சாமான் எல்லாம் சேர்த்துங்க. கயிறு சாமான் இல்லீங்களே."

"பீரோ சாமான்தானே?"

"ஆமாங்க."

"மேல வந்துடுச்சுதானே?"

"வந்துடுச்சுங்க."

"அப்புறம் எந்த வழியா வந்தா எனக்கென்னப்பா? பஸ்ல டிக்கெட் எடுத்தவன்கிட்ட, வண்டி ஓசூர் வழியா வந்துச்சு, ஆனேக்கல் வழியா வந்துச்சுன்னு தனியா காசு கேப்பாங்களா?"

எனக்கு 'பஸ்ஸையே கயித்துல கட்டித் தூக்கிட்டு வந்தா கேப்பாங்க சார்' என்ற பதில், மறுநாள் சிவாஜிநகரில் ஒரு கட்டிலைத் தலையில் வைத்துக்கொண்டு நடக்கும்போது வந்தது. பதில் மறுநாள் வருகிறவன் வக்கீலாக முடியாது. கட்டில் தூக்கலாம்.

அவர் முந்நூறு ரூபாய்க்கு ரசீது எழுதி, "முழுக் கூலியும் வாங்கிட்டேன்னு கை நாட்டு வை" என்றார். அப்போது எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கட்டைவிரல் என்னுடையதுதானே? "கயித்துக் கூலி வராம விரல் வராதுங்க" என்றேன். உள்ளே இருந்து சாந்தகுமாரி அம்மா கைக்குட்டையில் பணத்தோடு வந்தார். "இந்தாங்க முனிரத்தினம், நான் தர்றேன். இவர்கிட்ட பேசி ஜெயிக்க முடியாது."

நான் வாங்கவில்லை. "நீங்க குடுத்தா அது தர்மம்மா. அவர் குடுத்தாதான் கூலி."

வக்கீல் சிரித்துவிட்டார். "சரியான கட்சிக்காரன்யா நீ. அப்ப வழக்கு நிலுவையில இருக்கட்டும்" என்றார். அம்மா கைக்குட்டையை மடித்துக்கொண்டு உள்ளே போனார். மற்ற மூவரின் பங்கை நான் என் முந்நூறிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். ஆக, நூற்றிருபதும் எனக்கு வரவேண்டிய பாக்கி.

பணத்தை மட்டும் நினைத்திருந்தால் ஒரு மாதத்தில் மறந்திருப்பேன். மறக்க விடவில்லை. சுந்தரமூர்த்தி சார் முன்சீப் ஆனதும் கதை ஊரெல்லாம் பரவிவிட்டது. ஈஜிபுராவில் நாங்கள் வேலைக்குக் காத்து நிற்கும் முக்கில், கயிறு வேலைக்குக் கூப்பிடுகிற மேஸ்திரிகள் எல்லாம் இதையே பிடித்துக்கொண்டார்கள். "என்னய்யா தனிக் கூலி? ஜட்ஜே குடுக்கலையாமே? ஜட்ஜுக்குத் தெரியாத நியாயம் உனக்குத் தெரியுமா?" அவர் தீர்ப்பே எழுதாத வழக்கு எங்கள் தலையில் தீர்ப்பாக உட்கார்ந்துவிட்டது. கயிற்றில் கை கிழிகிறவனுக்கு அரைக் கூலி. கூட வேலை செய்கிறவர்கள் என்னைத்தான் திட்டினார்கள். "எல்லாம் உன் வாயால வந்தது. எல்லாம் சேர்த்து, எல்லாம் சேர்த்துன்னு!" என்பான் யூஜின். அதனால் எனக்கு வேண்டியது ஒன்றுதான். கயிறு தனி என்று அவர் வாயால் வரவேண்டும்.

அதற்குச் சந்தர்ப்பம் இல்லாமலும் இல்லை. நீதிபதிகளுக்கு மே மாதம் மாற்றல் வரும். கோலார், துமகூரு, ஹாசன், பெல்லாரி, பெளகாவி என்று அவரைச் சுற்ற விட்டார்கள். ஒவ்வொரு தடவையும் அம்மா, "பீரோவைத் தொடறதுன்னா முனிரத்தினம்தான் தொடணும்" என்று ஆள் அனுப்பிவிடுவார். மற்றவர்கள் அவருடைய வளர்ச்சியை எதில் கண்டார்களோ, எனக்கு அது முதுகில்தான் தெரிந்தது. முன்சீபாக இருந்தபோது சட்டப் புத்தகம் ஒரு மூலை. மாவட்ட நீதிபதி ஆனபோது அரை லாரி. உயர் நீதிமன்றத்துக்கு வந்தபோது, "ஐயா, இன்னும் ஒரு பதவி ஏறினா நான் ரிட்டையர் ஆயிடுவேன்" என்று சொல்லிவிட்டேன்.

நடுவில் ஒரு இரவுப் பள்ளியில் எழுத்துக் கற்றுக்கொண்டேன். பெட்டிகளின் மேல் படம் வரைவதை விட்டுவிட்டு, 'கண்ணாடி', 'பூஜை', 'அய்யா புத்தகம், ஐயோ' என்று எழுத ஆரம்பித்தேன். கடைசியதைப் படித்துவிட்டு அவர் ஒரு நிமிடம் சிரித்தார். சிரித்தாரே தவிர பணம் தரவில்லை.

ஆஸ்டின் டவுன் வீட்டைக் காலி செய்தபோது பீரோவைக் கயிற்றில்தான் இறக்கினோம். அன்றைக்கு நான் உஷாராக முன்கூட்டியே பேசிவிட்டேன். பேசிய கூலியை முழுதாக எண்ணிக் கொடுத்தார். "பாத்தியா, பேசினா குடுக்கறேன். அன்னைக்குப் பேசலையே" என்றார். இறக்கிய கூலி வந்தது, ஏற்றிய கூலி வரவில்லை. அதற்குப் பிறகு அவர் போன ஊரில் எல்லாம் அரசாங்க பங்களா. எல்லாம் தரைத்தளம். பீரோ வாசல் வழியாக ராஜா மாதிரி உள்ளே போனது. கயிற்றுக்கு வேலையே இல்லை. நானும் ஒவ்வொரு மே மாதமும் லாரியில் ஏறும் முன், "ஐயா, நம்ம கேஸ்?" என்பேன்.

"வாய்தா" என்பார் அவர்.

இந்த வருஷம் அவருக்கு அறுபத்திரண்டு முடிந்து ஓய்வு. அல்சூர் ஏரி தெரிகிற மாதிரி மூன்றாவது மாடியில் ஃபிளாட் வாங்கியிருந்தார். அம்மா போனில் கூப்பிட்டபோது, "முனிரத்தினம், உங்க கேஸ் ஐகோர்ட் வரைக்கும் போச்சு, தெரியுமா?" என்றார். ஏதோ ஒரு கிடங்குத் தொழிலாளர்கள், கயிற்று வேலைக்குத் தனிக் கூலி கேட்டுப் போட்ட வழக்கு இவர் முன்னால் வந்ததாம். இவர், "இதே மாதிரி ஒரு தகராறு என் வீட்டிலேயே நிலுவையில் இருக்கிறது, நான் இதைக் கேட்கக் கூடாது" என்று சொல்லி, வேறு நீதிபதிக்கு அனுப்பிவிட்டாராம். கோர்ட்டே சிரித்ததாம்.

சாமான் ஏற்றுகிற அன்று அவரிடம் கேட்டேன். "ஐயா, கோர்ட்டுல ஒத்துக்கிட்டீங்களாமே?"

"தகராறு இருக்குன்னு சொன்னேன். தோத்துட்டேன்னு சொல்லலையே."

"அந்த கேஸ் என்னாச்சுங்க?"

"அதுவும் வாய்தாதான்."

இந்தத் தடவை கூலி பேசும்போது நான் கயிற்றைப் பற்றி வாய் திறக்கப் போனேன். அவர் கை காட்டி நிறுத்தினார். "கயிறே வேணாம்ப்பா. பெரிய லிஃப்ட் இருக்கு. பேசறதுக்கு ஒண்ணுமில்ல." அன்றைக்கு நான் படிக்கட்டைப் பார்க்கவில்லை. இன்றைக்கு அவர் லிஃப்டை அளந்து பார்க்கவில்லை.

லிஃப்ட் பெரியதுதான், மனிதர்களுக்கு. பீரோ அதற்குள் முக்கால்வாசி போய்விட்டு, மீதியை வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. கதவு மூடப் பார்த்து, பீரோவை இடித்து, மறுபடி திறந்து, மறுபடி இடித்தது. "அது கடிக்குதுண்ணே!" என்று கத்தினான் யூஜின். அவனுக்கும் தலை நரைத்துவிட்டது. கத்துவது மட்டும் மாறவில்லை. படிக்கட்டைப் போய்ப் பார்த்தேன். அதே ஜிலேபி.

பீரோவைக் கம்பளி சுற்றி, கட்டடத்துக்கு வெளியே பால்கனிக்கு நேர் கீழே நிறுத்தினோம். நான் கயிற்றை எடுத்தேன். உடனே ஒரு விசில் சத்தம்.

குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் டென்சில் வந்தார். அரைக்கால் சட்டை, கழுத்தில் விசில். கார்களை ஒழுங்காக நிறுத்த வைப்பதற்காக அவரே வாங்கிக்கொண்ட விசிலாம். கன்டோன்மென்ட்டிலேயே பிறந்து வளர்ந்தவர், தமிழ் நன்றாகப் பேசுவார்.

"கயிறா? நோ, நோ. போன மாசம் ஒருத்தர் வாஷிங் மெஷினைக் கயித்துல தூக்கி, ஃபர்ஸ்ட் ஃப்ளோர் கண்ணாடி போச்சு சார். ரூல் போட்டுட்டோம். அதோ போர்டு."

நீதிபதி மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பலகையைப் படித்தார். எங்களுக்குத் தமிழில் சொன்னார். "குடிவருகிறவர்கள் ஷிஃப்டிங் வேலையைப் படிக்கட்டு, லிஃப்ட் வழியாக மட்டுமே செய்ய வேண்டும்."

"எங்க சார் போறது, ரெண்டு வழியிலயும் போகலையே" என்றேன்.

"கமிட்டி கூடி முடிவு பண்ணணும். சண்டே கூடும்" என்றார் டென்சில்.

நீதிபதி, லாரியிலிருந்து இறக்கி வைத்திருந்த நாற்காலி ஒன்றில் உட்கார்ந்துவிட்டார். "வாய்தாவா?" என்று மெல்லக் கேட்டார். வாழ்க்கை முழுக்க மற்றவர்களுக்குக் கொடுத்த பொருள் தன் கைக்கு வந்தபோது அவர் முகம் போன போக்கை நான் ரொம்ப நாள் மறக்க மாட்டேன்.

சாந்தகுமாரி அம்மா வானத்தைப் பார்த்தார். ஏரிப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. "சண்டே வரைக்கும் என் பீரோ தெருவுல நிக்குமா? உள்ள கல்யாணப் புடவை இருக்கு. அவ்வளவு நாள் ஊர் ஊரா ஒரு கீறல் படாம வந்தது, சொந்த வீட்டு வாசல்ல நனையணுமா?"

"கேஸ் போட்ற வேண்டியதுதான்" என்றேன் நான், சும்மா இருக்க முடியாமல்.

"நீ சும்மா இரு" என்றார் நீதிபதி. நாற்காலியிலிருந்து எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். குரல் மாறியது. முப்பது வருஷத்துக்கு முன்னால் ஆஸ்டின் டவுன் வாசலில் கேட்ட அதே வக்கீல் குரல்.

"மிஸ்டர் டென்சில், உங்க விதியை மீறச் சொல்லி நான் கேக்கல. ஆனா விதி எதைப் பத்தி? ஷிஃப்டிங் பத்தி. ஷிஃப்டிங்னா என்ன? ஆளுங்க கையால, தோளால, தலையால சாமானை வீட்டுக்குள்ள கொண்டு போறது. கயித்துல கட்டி வெளிப்பக்கமா ஏத்தறது ஷிஃப்டிங்கே இல்ல. அது வேற தொழில். வேற கைப்பழக்கம் வேணும், ஆபத்தும் வேற. அதுக்கு இந்த விதி பொருந்தாது."

என் கையிலிருந்த கயிறு கீழே விழுந்தது. யூஜின் என் இடுப்பில் குத்தினான். "அண்ணே, கேட்டியா, கேட்டியா?"

"சும்மா இருடா. முழுசா சொல்லட்டும்."

டென்சில் விசிலை வாயில் வைத்துக்கொண்டு யோசித்தார். மூச்சு விடும்போது அது லேசாக ஊதியது. "பாயிண்ட்தான் சார். ஆனா ஒரு டவுட். இந்த ஆளுங்களுக்கு நீங்க பேசின ரேட்லயே கயிறும் சேர்ந்திருந்தா, அதுவும் ஷிஃப்டிங்தான். ரூல் பொருந்தும். தனிக் கூலின்னா தனி வேலை. அப்ப நான் கமிட்டிக்குப் பதில் சொல்லிக்கறேன். எது சார்? சேர்த்தா, தனியா?"

நீதிபதி என்னைப் பார்த்தார். நான் பீரோவின் கம்பளியைச் சரிசெய்கிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஆனால் காது இந்தப் பக்கமே இருந்தது.

சேர்த்து என்றால் பீரோ தெருவில். தனி என்றால் அவர் வழக்கு தெருவில்.

ஒரு சொட்டு மழை என் மூக்கில் விழுந்தது.

"சொல்லுங்களேன்! நனையுதில்ல?" என்றார் அம்மா.

"தனி" என்றார் நீதிபதி.

"தனியா பேசினீங்களா சார்?"

"பேசல. பேசாட்டியும் தனிதான். கயிறுன்னா தனிக் கூலி. அது இந்தத் தொழிலோட வழக்கம்."

இந்த முறை எனக்குப் பதில் மறுநாள் வரை காத்திருக்கவில்லை. "எப்பலேருந்துங்க ஐயா?" என்றேன்.

கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு பார்வை பார்த்தார். எத்தனையோ பேரை உள்ளே அனுப்பிய பார்வையாக இருக்கும். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"ஆரம்பத்துலேருந்துதான், முனிரத்தினம்."

யூஜின் விசிலடித்தான். டென்சில், "யார் அது, விசில் நான் மட்டும்தான்" என்றார்.

வேலை ஆரம்பித்தோம். முதல் மாடிக் கண்ணாடிக்கு மெத்தை கட்டச் சொன்னார் டென்சில், கட்டினோம். இரண்டு பேர் பால்கனியில், நாங்கள் மூன்று பேர் கீழே. எனக்கு இப்போது முட்டி இரண்டும் ஒத்துழைப்பதில்லை. இடுப்பு தனியாக ஒரு சங்கம் வைத்துக்கொண்டு வேலைநிறுத்தம் செய்கிறது. ஆனாலும் கயிறு உள்ளங்கைக்கு வந்ததும் கை தன் வேலையைச் செய்தது. "ஏய், இழு! நிறுத்து! விடாதே! இழு!" பீரோ ஆடிக்கொண்டே ஏறியது. இரண்டாவது மாடியைத் தாண்டும்போது கம்பளி நழுவி விழுந்தது. பீரோக் கண்ணாடியில் ஏரி தெரிந்தது, அப்புறம் மேகம், அப்புறம் அண்ணாந்து பார்த்தபடி நின்ற நீதிபதியின் தலை. "சார், தள்ளி நில்லுங்க, கயிறு அறுந்தா உங்களுக்கு மேல்முறையீடே கிடையாது" என்று கத்தினேன். இரண்டடி தள்ளி நின்றார். எங்கள் பழக்கத்தில் நான் சொல்லி அவர் கேட்ட முதல் உத்தரவு அது.

பீரோ உள்ளே போகவும் மழை பிடித்துக்கொள்ளவும் சரியாக இருந்தது.

மேலே போனோம். அன்றைய கயிற்றுக் கூலியை நான் சொன்னேன். ஒரு வார்த்தை பேரம் பேசாமல் போனில் அனுப்பினார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "அந்தப் பழைய நூத்தியிருபதையும் இதிலேயே போட்டுடறேன். வட்டி எவ்வளவு போடட்டும்?" என்றார்.

"வட்டிக்கு நான் கேஸ் போடலீங்க."

"போனெல்லாம் வேணாம்" என்றார் சாந்தகுமாரி அம்மா. இடுப்பிலிருந்த சாவியை எடுத்து, பீரோவைத் திறந்து, உள் லாக்கரைத் திறந்தார். புடவைகளுக்கு அடியிலிருந்து ஒரு கைக்குட்டை வந்தது. மஞ்சளாகிப் போயிருந்தது. அதற்குள் ஒரு நூறு ரூபாய் நோட்டு, ஒரு இருபது. நூறு ரூபாயில் காந்தி இல்லை. சிங்கம் இருந்தது.

"அன்னைக்கு நீங்க வேணாம்னு சொன்னீங்களே, அதேதான். அவர் ஒத்துக்கிட்டா குடுக்கலாம்னு அப்படியே வெச்சுட்டேன்."

நீதிபதி பீரோவைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். "இவ்வளவு வருஷம் இது இதுக்குள்ளயா இருந்தது? எனக்குச் சொல்லவே இல்லையே!"

"நீங்கதான் கேஸ் நிலுவையில இருக்குன்னீங்க. கோர்ட்டுல டெபாசிட் கட்டற மாதிரின்னு வெச்சுக்கோங்க."

கோலாரிலிருந்து பெளகாவி வரை, பங்களா பங்களாவாக, என் கூலியை நானே தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறேன். யூஜின் தரையில் உருண்டு சிரித்தான். "அண்ணே, அதைத் தூக்கினதுக்கும் ஒரு கூலி போடு!"

"புதுசா எதையும் ஆரம்பிக்காதே" என்றார் நீதிபதி. அம்மா நோட்டுகளை அவர் கையில் கொடுத்தார். அவர் என் கையில் கொடுத்தார். நான் நூறைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன்.

"இது செல்லுமாங்க?"

"சட்டப்படி செல்லும். டீக்கடைக்காரன் ஒத்துக்குவானான்னு என்னால உத்தரவாதம் தர முடியாது."

மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். காலையில் இதை ஈஜிபுரா முக்கில் விரித்துக் காட்ட வேண்டும். எந்த மேஸ்திரி வேண்டுமானாலும் வரட்டும். ஜட்ஜே கொடுத்துவிட்டார்.

"ரசீது?" என்றார் நீதிபதி. "அன்னைக்கு விரல் தர மாட்டேன்னியே."

"விரல் எதுக்குங்க இப்ப?" என்றேன். காலியான புத்தகப் பெட்டி ஒன்றின் மூடியைக் கிழித்து, முழங்காலில் வைத்து, பெட்டியில் பெயர் எழுதுகிற தடிப் பேனாவால் எழுதினேன். *கயிற்றுக் கூலி நூற்றிருபது ரூபாய் ஐயா கையால் வாங்கிக்கொண்டேன். பாக்கி இல்லை. முனிரத்தினம்.*

அவர் வாங்கி இரண்டு தடவை படித்தார். திருப்பிக் கொடுத்தார்.

"தேதி போடு."

போட்டேன்.